ராமேஸ்வரம் டவர் வருவதற்கு முன் நம்ம பக்கம் என்ன டிவி தெரிந்தது?

தங்கச்சிமடம் பேரன்:
சின்ன வயதில் வீட்டில் தெரிந்ததெல்லாம் சிலோன் டிவிதான் என்கிறார் அம்மா. உண்மையா? நம்ம தூர்தர்ஷன் என்ன ஆச்சு?

மண்டபம் ஆன்டெனாக்காரர்:
உண்மைதான் தம்பி. சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது, ஆனால் அந்த அலை இவ்வளவு தூரம் எட்டாது. இலங்கை அரசு டிவியான ரூபவாஹினி வந்தது 1982 பிப்ரவரியில். அதன் பெரிய டிரான்ஸ்மிட்டர் பிதுருதலாகல மலை உச்சியில், 2,500 மீட்டருக்கு மேல். அந்த உயரத்திலிருந்து கடல் தாண்டி வருவது பெரிய விஷயமில்லை.

நான் அப்போது ஆன்டெனா கட்டிக்கொண்டிருந்தேன். இரும்புக் குழாயைத் தென்கிழக்குப் பக்கம் மெதுவாகத் திருப்புவேன், கீழே வீடே சேர்ந்து "வந்துருச்சு, விடாதீங்க!" என்று கத்தும். உப்புக்காற்றில் வயர் சேரும் இடம் பச்சை பூத்துவிடும். கிரீஸ் தடவச் சொல்வேன், யார் கேட்டார்கள்! காற்றில்லாத புழுக்கமான ராத்திரியில் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். கச்சான் காற்று அடித்தால் புள்ளி புள்ளியாக ஆடும்.

பாம்பன் வாசி:
ராமேஸ்வரம் டவர் 323 மீட்டர். 90களில் அது வந்த பிறகுதான் நம்ம தூர்தர்ஷன் ஒழுங்காகத் தெரிந்தது. அதற்குள் கேபிளும் வந்துவிட்டது, அது வேறு கதை.

தங்கச்சிமடம் பேரன்:
சரி அண்ணே, சிங்களச் செய்தி ஓடும்போது என்ன செய்வீர்கள்?

மண்டபம் ஆன்டெனாக்காரர்:
சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சாப்பிடுவோம். தமிழ்ச் செய்திக்கும் கிரிக்கெட்டுக்கும் மட்டும் யாரும் பேசக் கூடாது.