சுவிட்சை அணைத்தும் மினுங்கும் பல்பு: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மாடிப்படி லைட்டுக்கு டூ-வே சுவிட்ச் (மேலேயும் கீழேயும் இரண்டு இடத்தில் போட்டு அணைக்கும் வகை) போட்ட வீடு. அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு லேசாக மினுங்குகிறது. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்தால் 110 வோல்ட். "லீக்கேஜ்ம்மா, சுவரை உடைச்சுத்தான் பார்க்கணும்" என்று முதலில் வந்தவர் சொல்லிவிட்டுப் போக, வீட்டுக்கார அம்மா தினமும் ராத்திரி எம்.சி.பி.யையே (போர்டில் இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) இறக்கி வைத்துவிடுகிறார்.

சுவரைத் தொடவே வேண்டியதில்லை. ஒரே பைப்புக்குள் பேஸ், நியூட்ரல், சுவிட்ச் அணைந்ததும் பேஸோடு சேராமல் ஹோல்டர் பக்கம் மட்டும் தொங்கி நிற்கும் இன்னொரு வயர் மூன்றும் ஒட்டியபடியே ஓடுகின்றன. இரண்டு கம்பி, நடுவில் இன்சுலேஷன். அப்படியென்றால் அது கெப்பாசிட்டர்தானே! பேஸுக்கு 500 பிகோஃபாரட், நியூட்ரலுக்கு 500 என்று வையுங்கள். 50 ஹெர்ட்ஸில் ஒவ்வொன்றின் இம்பீடன்ஸும் (ஏ.சி.க்குக் காட்டும் தடை) சுமார் 6.4 மெகாஓம். இரண்டும் சமம் என்பதால் 230 வோல்ட்டைப் பாதிப் பாதியாகப் பங்கு போடும். தெவனின் தேற்றப்படி (எந்தச் சர்க்யூட்டையும் ஒரு சோர்ஸ், தொடரில் ஒரு தடை என்று சுருக்கலாம்) மொத்தத்தையும் சுருக்கினால், 115 வோல்ட் சோர்ஸ், தொடரில் 3.2 மெகாஓம். அவ்வளவுதான் சர்க்யூட்.

இனி எதை மாட்டினாலும் ஒரே ஒரு வகுத்தல். மீட்டரின் உள் இம்பீடன்ஸ் 10 மெகாஓம், அதனால்தான் 110 காட்டியது. (10-ஐயும் 3.2-ஐயும் நேராகக் கூட்டிப் போட்டால் 87 வரும், அது தப்பு. கெப்பாசிட்டர் 90 டிகிரி தள்ளி நிற்பதால் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்க வேண்டும்.) அதே ஹோல்டரில் 100 வாட் குண்டு பல்பை மாட்டினேன். எரியவில்லை, மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கியது. பேஸ் நேராகத் தொட்டிருந்தால் பளிச்சென்று எரிந்திருக்கும். சந்தேகம் தீர மெக்கரிலும் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) பார்த்தேன், இன்சுலேஷன் சுத்தம்.

எல்.இ.டி. பல்புக்கு இணையாக 0.22 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டர் (மெயின்ஸ் கரண்டுக்கென்றே செய்த வகை) ஒன்று போட்டேன். 50 ஹெர்ட்ஸில் அது 14.5 கிலோஓம். பல்புக்கு மிஞ்சுவது அரை வோல்ட்தான். மினுங்கல் நின்றுவிட்டது. மெயின்ஸில் சாதா கெப்பாசிட்டர் மட்டும் போட்டுவிடாதீர்கள், எக்ஸ்2 என்று கேட்டு வாங்குங்கள்.

பதில்:
அண்ணே, எங்கள் பாலிடெக்னிக் லேபில் மீட்டரை வைத்ததுமே வோல்ட்டேஜ் இறங்கும் இதே விஷயத்தை டி.சி.யில் பார்த்தோம். 9 வோல்ட் பேட்டரி, தொடரில் இரண்டு 100 கிலோஓம் ரெசிஸ்டர். நடுவில் 4.5 வர வேண்டும். முள் மீட்டரில் 3.6! பையன்கள் ரெசிஸ்டரை மாற்றி மாற்றிப் போட்டார்கள், அப்போதும் 3.6. காரணம் மீட்டரின் உள் தடை: ரேஞ்சின் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் 20 கிலோஓம். 10 வோல்ட் ரேஞ்சில் 200 கிலோஓம். தெவனினில் 4.5 வோல்ட், 50 கிலோஓம். 4.5-ஐ 200/250-ஆல் பெருக்கினால் அச்சாக 3.6. ரேஞ்சை 50 வோல்ட்டுக்கு மாற்றியதும் முள் 4.3 பக்கம் ஏறியது.