அறுபதில் ஆடும் பல்: பிடுங்குவதா, காப்பாற்றுவதா?

மேலூரான்: அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. கீழ் முன்பல் இரண்டு ஆடுகிறது. பல் டாக்டர் ஸ்கேலிங் (பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது) செய்யச் சொல்கிறார். நரை விழுவது மாதிரிதான் பல் விழுவதும்; வயதானால் போகத்தான் செய்யும். பேசாமல் பிடுங்கிவிட்டு பல்செட்டு கட்டினால் செலவும் மிச்சம் என்கிறேன்.

கரிசல்: நரையோடு சேர்க்காதீர்கள். பல் போவது வயதால் இல்லை, பெரும்பாலும் சொத்தையாலும் ஈறு நோயாலும். ஈறுக்கடியில் காரை படிந்து, கிருமி தங்கி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைகிறது. பெரும்பாலும் வலிக்காது, அதனால் தெரிவதில்லை. சர்க்கரை கட்டுப்படாவிட்டால் இது வேகமெடுக்கும். ஈறு கெட்டிருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டம். ஜப்பானில் 1989 முதல் ‘8020’ என்றே ஓர் இயக்கம் நடக்கிறது, 80 வயதிலும் சொந்தப் பல் 20 இருக்க வேண்டும் என்று. இன்று அங்கே அந்த வயதில் பாதிப்பேருக்கு மேல் அப்படி இருக்கிறது.

மேலூரான்: ஜப்பான் இருக்கட்டும். பெரியம்மா ஸ்கேலிங் செய்த மறுவாரமே பல் ஆட ஆரம்பித்தது. கண்ணால் பார்த்தேன்.

கரிசல்: ஆட்டம் முன்பே இருந்திருக்கும். கெட்டிப்பட்ட காரை பல்லோடு பல்லைப் பிணைத்து அதை மறைத்து வைக்கும், எடுத்ததும் வெளியே தெரியும். கொஞ்ச நாள் கூச்சமும் இருக்கும்.

வெத்தலைப்பெட்டி: கரிசல் அண்ணே, நியாயம்தான். ஆனால் ஆடுகிற பல்லையெல்லாம் காப்பாற்றிவிட முடியுமா? இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகு பதித்துப் பொருத்தும் செயற்கைப் பல்) என்றால் ஒரு பல்லுக்கே பல்லாயிரம் கேட்கிறார்கள். சம்பளக்காரர் பேச்சு எல்லோருக்கும் பொருந்தாது.

கரிசல்: இம்ப்ளான்ட் வரை போகாமல் இருக்கத்தானே ஸ்கேலிங்! மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பல் பிரிவு உண்டு, அங்கே கேளுங்கள். பிடுங்கினால் தாடை எலும்பு தேயும், பக்கத்துப் பல் சாயும், நாளாக நாளாக செட்டு தளரும். அப்புறம் சுண்டல், காய், கறி எல்லாம் குறைந்து குழைந்த சோறும் இட்லியும்தான் சாப்பாடு. சர்க்கரைக்காரருக்கு அது நல்லதா?

மேலூரான்: சுண்டல் விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்கிறேன். எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறேன். எலும்பு ரொம்பப் போயிருந்தால் பிடுங்கத்தான் போகிறோம்.

கரிசல்: அதை எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொல்லட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா? சாப்பிட்டால் போனதும் முதலில் அதைச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.