தரிசலை, உடனியக்கம்: இரண்டு சொற்களுக்காக ஒரு வாதம்

நண்பர்களே,

டிவி ஒயிட் ஸ்பேஸ், அதில் வரும் கோஎக்சிஸ்டன்ஸ், இரண்டுக்கும் தமிழில் என்ன சொல்லலாம் என்ற இந்த இழையை முழுக்கப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். டிவி ஒளிபரப்புக்கென்று ஒதுக்கி, ஒரு வட்டாரத்தில் யாரும் பயன்படுத்தாமல் கிடக்கும் அலைவரிசைதான் ஒயிட் ஸ்பேஸ், அதற்குக் கும்பகோணத்து அண்ணன் "வெண்வெளி" என்கிறார். எனக்கு உடன்பாடில்லை. ஒரு எழுத்து மாறினால் விண்வெளி ஆகிவிடும், அதுவும் செயற்கைக்கோள் பேச்சு அடிக்கடி வரும் துறையில். தவிர, வெண்மை என்று சொன்னால் தமிழ் வாசகருக்கு இதில் ஒன்றும் விளங்காது.

நான் முன்வைப்பது தரிசலை. தரிசு என்றால் உதவாத நிலம் என்று தோன்றாதா என்று திருச்சி அக்கா கேட்டிருக்கிறார்கள். மற்ற ஊர்களில் தோன்றலாம், நம் பக்கம் நெல் தரிசு என்றால் அப்படியா அர்த்தம்? சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போதே மெழுகுப் பதத்தில் உளுந்தைத் தெளித்து, அறுத்தபின் மிச்ச ஈரத்திலேயே விளைவிக்கிற வயல் அது. உடையவர் இருக்கிறார், முதல் உரிமை நெல்லுக்கு, மேட்டூர் தண்ணீர் வந்து குறுவைக்கு உழ ஆரம்பித்தால் மற்றதெல்லாம் விலக வேண்டும். டிவி அலைவரிசையில் ஒளிபரப்பு நிலையத்துக்கு இருப்பதும் இதே முதல் உரிமைதான்.

சரி, இழையின் தலைப்புக்கே வருகிறேன். அந்தத் தரிசில் உளுந்து நிற்கும்போது கீதாரி வந்து ஆட்டுக்கிடை போட்டால் என்ன ஆகும்? உளுந்துக்காரரும் கீதாரியும் நெல்லுக்கு எந்த இடைஞ்சலும் செய்யவில்லை, ஒருவருக்கொருவர்தான் இடைஞ்சல். கோஎக்சிஸ்டன்ஸ் என்று இந்தத் துறைக்காரர்கள் சொல்வது இந்த இரண்டாவது சிக்கலை. டிவிக்குத் தொந்தரவு வராமல் காப்பதற்கு எந்த ஊரில் எந்தச் சேனல் காலி என்று சொல்லும் தரவுத்தளம் இருக்கிறது, காலிச் சேனலைப் பயன்படுத்த உள்ளே வந்தவர்கள் தங்களுக்குள் எப்படி நடந்துகொள்வது என்பதை அது மட்டும் தீர்க்காது. இரண்டையும் சேர்த்துப் "பகிர்வு" என்று போட்டால் மாணவருக்கு விஷயமே பிடிபடாமல் போய்விடும்.

ஏன் தனிச் சிக்கல் என்றால், உள்ளே வருகிற அமைப்புகளின் குணம் வேறு வேறு. ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் சங்கம் 2011இல் வெளியிட்ட 802.22 என்ற கம்பியில்லாத் தரம் ஊர்ப்புறங்களுக்கானது, ஒரு கோபுரம் வழக்கமாக 30 கி.மீ. வரை எட்டும், 10 மில்லிநொடித் துண்டுகளாக நேரத்தைப் பிரித்து எந்தச் சாதனம் எப்போது பேசலாம் என்று கோபுரத்து நிலையமே அட்டவணை போடும். 802.11ஏஎஃப் என்ற இன்னொரு தரம் வைஃபை வழி வந்தது, எட்டுவது சுமார் ஒரு கி.மீ., பேசுவதற்கு முன் காதுகொடுத்துக் கேட்டு, யாராவது பேசினால் பொறுத்திருக்கும். இரண்டும் ஒரே சேனலில் விழுந்தால், கேட்டுப் பேசுகிறது பொறுத்துக்கொண்டே கிடக்கும், அட்டவணைப்படி பேசுகிறது பேசிக்கொண்டே இருக்கும். வைஃபையின் குறைந்த திறன் சமிக்ஞை தொலைவில் இருக்கும் கோபுரத்துக்குக் கேட்கவே கேட்காது, ஆனால் அதே வைஃபைக்குப் பக்கத்து வீட்டுக் கூரையில் இருக்கும் 802.22 சாதனத்தின் பெறுதலை அது கெடுத்துவிடும். 802.22க்குள் தன் இனத்தோடு ஒத்துப்போக ஒரு ஏற்பாடு உண்டு, அந்தப் பாஷை வைஃபைக்குப் புரியாது. அதனால்தான் 2014இல் 802.19.1 என்று தனியாக ஒரு தரம் எழுத வேண்டிவந்தது.

நம் டெல்டா தட்டையான பூமி, மறைக்க ஒரு குன்று கிடையாது. திருவாரூரில் ஒரு கோபுரம் வைத்தால் நாகப்பட்டினம் வரை அதன் எட்டுக்குள் வந்துவிடும் தூரம்தான். நாட்டிலும் காலியிடம் ஏராளம்: 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரை 8 மெகாஹெர்ட்ஸ் அளவில் 15 சேனல், அதில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் 12 சேனலாவது காலி என்று மும்பை ஐ.ஐ.டி. ஆய்வு காட்டியது. இவ்வளவு கிடக்கும்போது எதற்குச் சண்டை என்று கேட்கத் தோன்றும். ஆனால் 802.11ஏஎஃப் போன்றவை அடுத்தடுத்த சேனல்களைச் சேர்த்துப் பிடித்து வேகம் கூட்டப் பார்க்கும், காலி இருக்கிறது என்பதற்காகச் சண்டை வராமல் போகாது.

இப்போது கோஎக்சிஸ்டன்ஸுக்கான சொல்லுக்கு வருகிறேன். "சகவாழ்வு" நல்ல சொல், ஆனால் அது நாடுகள், சமூகங்கள் சம்பந்தமாக ஊறிப்போய்விட்டது, கருவிகளோடு ஒட்டவில்லை. "உடனிருப்பு" என்றால் சும்மா பக்கத்தில் இருப்பது, ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக இருப்பதுபோல. இங்கே எல்லோரும் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும், ஒருவர் வேலை இன்னொருவரைக் கெடுக்காமல். அதனால் உடனியக்கம் என்கிறேன். மூன்றாம் வேற்றுமைக்கு "உடனிகழ்ச்சி" என்று இலக்கணத்திலேயே ஒரு பொருள் சொல்கிறோம், "உடன்" என்பதன் இந்தப் பயன் தமிழுக்குப் புதிதல்ல. ஒரே தாளத்தில் ஓடுவதற்கு ஒத்தியக்கம் இருக்கிறது, அதோடு இதைக் குழப்ப வேண்டாம்.

கிளைச்சொல் ஆக்கிப் பார்த்தால்தான் சொல்லின் பலம் தெரியும். 802.19.1இல் முடிவெடுக்கும் பகுதி உடனியக்க மேலாளர். யாருக்கு யார் அண்டை என்று கண்டறிந்து சொல்லும் பகுதி உடனியக்க அண்டைத் தகவலகம். மேலாளர் தகவல் மட்டும் கொடுத்து முடிவை அமைப்பிடமே விட்டால் தகவல் சேவை, தானே முடிவெடுத்துச் சொன்னால் மேலாண்மைச் சேவை. மூன்றாவதாக ஒவ்வொரு அமைப்பிலும் உட்கார்ந்து அதன் பாஷையை மேலாளருக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும் பகுதி ஒன்று உண்டு, அதற்கு "உடனியக்க முகவர்" என்று வைத்திருக்கிறேன். முகவர் என்றால் இன்ஷூரன்ஸ் நினைவு வருகிறது, எனக்கு நிறைவில்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் யாராவது நல்ல சொல்லாகக் கொடுங்கள், மற்ற நான்கையும் பட்டியலில் சேர்க்க ஆட்சேபம் உண்டா என்பதையும் எழுதுங்கள்.