ஓம உப்பு தண்ணியாயிடுச்சு, கடைக்காரர் ஏமாத்திட்டாரா?

மஞ்சக்குப்பம்காரி:
எங்க ஆயா தலைவலிக்குத் தைலம் வாங்கினதே இல்ல. ஓம உப்பு, புதினா உப்பு, பச்சைக் கற்பூரம் மூணையும் சரி அளவு போட்டு அவங்களே செஞ்சு வெப்பாங்க. போன வாரம் திருப்பாப்புலியூர்ல ஒரு நாட்டு மருந்துக் கடையில ஒவ்வொண்ணும் 10 கிராம் வாங்கி பாட்டில்ல போட்டு மூடினேன். காலையில தேங்காயெண்ணெய் ஊத்தலாம்னு திறந்தா, உள்ள கல்லே இல்ல, வெறும் தண்ணி! நேரா கடைக்குப் போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வந்தேன். வேற யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?

ஓ.டி. பையன்:
கடலூர் வெயில்ல நாமளே உருகுறோம், உப்பு உருகாதா?

முத்தியால்பேட்டை வாத்தியார்:
வெயில் இல்ல தம்பி. ஓம உப்புங்கிறது தைமால். ஓம எண்ணெயிலிருந்து வர்ற படிகம். தனியா உருக 50 டிகிரி வேணும். புதினா உப்பு, அதாவது மென்தால், 42க்கு மேல. கற்பூரத்துக்கு 175 தாண்டணும். ஆனா மூணும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டினா படிகக் கட்டு கலைஞ்சு, உருகுநிலை சடார்னு இறங்கிடும். குல்ஃபிக்காரர் ஐஸ்ல உப்பு போட்டதும் ஐஸ் கரையுதே, அதே சங்கதிதான். பொட்டலத்துல ஓம உப்பு மிச்சம் இருக்காம்மா? அது உருகியிருக்கா?

மஞ்சக்குப்பம்காரி:
கொஞ்சம் இருக்கு சார். கற்கண்டு மாதிரி அப்படியே கல்லாத்தான் இருக்கு.

முத்தியால்பேட்டை வாத்தியார்:
அப்ப சரக்கு சரியான சரக்கு. தண்ணியாகாம கிடந்திருந்தாத்தான் சந்தேகப்படணும். இன்னொண்ணு, உண்மையில பேரை வெச்சு ஏமாத்துறது கற்பூரவல்லிச் செடிதான். அதுல வாசனை கொடுக்கிறது கற்பூரம் இல்ல, கார்வக்ரால்ங்கிற பொருளும் தைமாலும். அதனாலதான் ஓமவல்லின்னும் சொல்றோம். (இதைச் சொன்னா என் வீட்டுக்காரம்மா நம்பறதில்ல.)

பாண்டி நர்ஸ்:
ஆயா வைத்தியம் சரி, ஆனா அப்படியே தடவாதீங்க, எரியும். ரெண்டு மூணு சொட்டு தேங்காயெண்ணெயில கலந்து நெத்திக்கு மட்டும். கைக்குழந்தை மூக்குப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. கற்பூரம் உள்ள போனா குழந்தைக்கு வலிப்பு வரும். பாட்டிலை மேல் தட்டுல வைங்க.

மஞ்சக்குப்பம்காரி:
எல்லாருக்கும் நன்றி. ஆயா பாட்டில்ல இருந்தது எண்ணெய்னுதான் இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேன். அந்தக் கடைக்காரர் நான் கத்தினப்ப "அதுதாம்மா பக்குவம்"னு ஏதோ சொன்னார், காதுல வாங்கல. நாளைக்குப் போய் மன்னிப்புக் கேக்கணும். தனியாப் போகக் கூச்சமா இருக்கு, அம்மாவையும் கூட்டிட்டுப் போறேன்.