கியூரியாசிட்டி: ‘ஆர்வம்’ போதாது

வணக்கம்.

கியூரியாசிட்டி (curiosity) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘ஆர்வம்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்கிறீர்கள். எனக்கு ஒப்பவில்லை. இன்ட்ரெஸ்ட், பேஷன், என்தூசியாசம் மூன்றையும் அந்த ஒரே சொல்தான் ஏற்கெனவே சுமக்கிறது. ‘அன்பீனும் ஆர்வம் உடைமை’ என்ற குறளில் (74) அது பிறர்மேல் செல்லும் விருப்பம். தெரிந்த பாட்டையே நூறு முறை கேட்பதும் ஆர்வம்தானே? கியூரியாசிட்டி தெரிந்துவிட்டால் அடங்கிவிடும். மூடிய பெட்டியைக் குலுக்கும் குழந்தைக்குப் பெட்டிமேல் ஆசை கிடையாது. உள்ளே என்ன என்று தெரியாததுதான் அதைப் படுத்துகிறது. திறந்து காட்டுங்கள், போட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடும். தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவிலுள்ள இடைவெளி என்றுதான் உளவியலாளர் லோவன்ஸ்டைனும் 1994இல் இதை விளக்கினார்.

‘குறுகுறுப்பு’ எனக்குப் பிடித்த சொல். ‘குறுகுறுவென்று பார்க்கிறான்’ என்றால் சரியாகத்தான் வருகிறது. ஆனால் ‘மனசு குறுகுறுக்குது’ என்றதும் குற்ற உணர்ச்சி வந்துவிடுகிறதே.

ஈழத்தவர் ‘விடுப்பு’ என்பார்கள். அடுத்தவர் சங்கதியை அறியும் துடிப்பு. தமிழ்நாட்டில் அது லீவு, ஆகவே பொதுச்சொல்லாகாது. இருந்தாலும், கணினி நிரலைத் தானே கற்கவைக்கும் இயந்திரக் கற்றலில் (machine learning) அதற்குப் பொருந்தும் ஒரு வேடிக்கை உண்டு. புதியதைத் தேடவைக்க, முன்கணிப்பு தவறுமிடத்தில் பரிசு என்று நிரலுக்குச் சொல்லிவைத்தால், அலைவரிசை கிடைக்காமல் புள்ளிகள் இரையும் தொலைக்காட்சித் திரை எதிர்ப்பட்டதும் அது அங்கேயே நின்றுவிடும். அடுத்த புள்ளி எதுவென்று ஒருபோதும் கணிக்க முடியாதல்லவா! அது விடுப்புப் பார்க்கிறது என்பதைவிடப் பொருத்தமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அறி + அவா = அறியவா. இலக்கணம் சரி, வாசிப்பில்தான் சிக்கல். ‘செய்யவா? போகவா?’ வரிசையில் ‘அறியவா?’ என்று கேள்வியாகிவிடுகிறது. வேற்றுமை உருபு சேர்த்தால் ‘அறியவாவால்’. வேண்டாம்.

என் பரிந்துரை அறி + ஆவல் = அறியாவல். உள்ளே ‘அறியா’ ஒளிந்திருப்பதைச் சிலர் குறையென்பார்கள். அறியாமையிலிருந்து பிறக்கும் ஆவலுக்கு அது இருந்துவிட்டுப் போகட்டுமே. ‘அறியாவலால் கேட்கிறேன்’, ‘அறியாவலைத் தூண்டியது’ இரண்டும் இடறாமல் வருகின்றன. மேலே சொன்ன நிரலுக்குத் தரும் பரிசை ‘அறியாவல் பரிசு’ என்று பிரித்தே எழுதலாம். ‘அறியாவற்பரிசு’ என்று புணர்த்தி மிரட்ட வேண்டியதில்லை. 2012இல் செவ்வாயில் இறங்கிய ஊர்தியை மட்டும் கியூரியாசிட்டி என்றே விட்டுவிடுவோம், அது இடுபெயர்.

‘கியூரியஸ்’ என்ற பெயரடைதான் இன்னும் உதைக்கிறது. ‘அறியாவலுள்ள’ நாக்கில் நிற்கவில்லை. அதற்கு யாராவது கைகொடுங்கள்.