வேண்டாம், போதும்பொண்ணு, குப்பம்மாள்: நாங்கள் சந்தித்த பெயர்கள்

ஆசிரியை, திருத்தணி பக்கம்:

பெண் குழந்தைக்கு ஊரில் யாருக்கும் இல்லாத பெயராக வைக்கணும் என்று இப்போது எல்லோரும் தேடுகிறார்கள். நான் பார்த்தது வேறு ரகம். இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்து வருகைப் பதிவேட்டைப் பிரித்தால், "வேண்டாம்" என்று ஒரு பெயர். நாலு வரி தள்ளி, வேறு இனிஷியலோடு இன்னொரு "வேண்டாம்". வரிசையாகப் பெண்ணாகப் பிறந்த வீட்டில் கடைசிப் பெண்ணுக்கு இப்படி வைத்தால் அடுத்தது பையன் என்று நம்பிக்கை. பக்கத்தில் நாராயணபுரத்திலும் இந்த வழக்கம் உண்டு.

முதல் வாரத்திலேயே "வேண்டாம், போர்டை அழிம்மா" என்றேன். அழிக்கணுமா வேண்டாமா என்று வகுப்பே சிரித்தது. அவள் எழுந்து வந்தாள், டஸ்டரை எடுத்து ஓரம் வரை சுத்தமாக அழித்தாள், போய் உட்கார்ந்தாள். முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. பதின்மூன்று வயதில் இது பழகிப்போயிருக்கிறதே என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நோட்டு லேபிளில் அவள் இனிஷியலை மட்டும்தான் எழுதுவாள்.

2019-இல் இதே பெயருள்ள நாராயணபுரத்து மாணவி ஒருவருக்குப் பொறியியல் படிக்கும்போதே ஜப்பான் நிறுவனத்தில் 22 லட்சம் ரூபாய் ஆண்டுச் சம்பளத்தில் வேலை கிடைத்தது. பெண் குழந்தைகளைக் காப்போம் திட்டத்துக்கு அவரையே மாவட்டத் தூதராக அறிவித்தார்கள். அந்தச் செய்தியை வகுப்பில் படித்துக் காட்டியிருக்கிறேன். ஆனாலும் பெற்றோர் கூட்டத்தில் நான் சொல்வது ஒன்றுதான்: பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுபவர்களின் பெயர்ப் பட்டியல் (நாமினல் ரோல்) போவதற்குள் அரசு கெஜட்டில் கொடுத்துப் பெயரை மாற்றிவிடுங்கள். மதிப்பெண் சான்றிதழில் ஏறிவிட்டால் அப்புறம் ஒவ்வொரு ஆபீஸாக அலைய வேண்டியது அந்தப் பிள்ளைதான்.

மதுரையிலிருந்து:

எங்கள் அப்பத்தா பெயர் குப்பம்மாள். அவருக்கு முன்னால் பிறந்ததெல்லாம் தங்கவில்லையாம். அதனால் இவரைப் பிறந்ததும் குப்பைமேட்டில் கிடத்தி, அங்கிருந்து எடுத்து வந்த பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குப்பையில் கிடந்ததை எமன் சீண்ட மாட்டான் என்று எண்ணம். பிச்சையம்மாள் என்று வைப்பதும், பிள்ளையை அடுத்த வீட்டில் கொடுத்துத் தவிட்டுக்குத் திரும்ப வாங்குவதும் இதே பயத்தில்தான்.

டீச்சர் சொன்னதோடு இதைச் சேர்க்கவே கூடாது என்பது என் கருத்து. குப்பம்மாள் எப்படியாவது பிழைத்துக் கிடக்கணும் என்று வைத்த பெயர். ஆண்களிலும் குப்புசாமியும் பிச்சைமுத்துவும் உண்டே. "வேண்டாம்" என்று பெயர் வைத்த ஒரு பையனை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

புனேயிலிருந்து:

இங்கேயும் இதே கதைதான். மகாராஷ்டிராவில் "நகுஷா", "நகுஷி" என்று வைப்பார்கள். வேண்டாதவள் என்று அர்த்தம். சாத்தாரா மாவட்டத்தில் 2011 அக்டோபரில் மாவட்ட நிர்வாகமே விழா எடுத்து இந்தப் பெயருள்ள 285 பெண்களுக்குப் புதுப் பெயர் வைத்தது. சிலர் சினிமாவைப் பார்த்து ஐஸ்வர்யா என்றும், சிலர் பழைய பாணியில் சாவித்ரி என்றும் மாற்றிக்கொண்டார்கள். நம் பக்கமும் ஒரு கலெக்டர் இதைச் செய்யலாம்.

தேனி பக்கம், போதும்பொண்ணு:

ஆமாம், என் பெயரே அதுதான். நான் நாலாவது. எனக்கு அப்புறம் தம்பி பிறந்துவிட்டான், "பேரு பலிச்சிருச்சு" என்று பாட்டி சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். ரேஷன் கடையிலும் சரி, ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடும்போதும் சரி, பெயரைக் கேட்டதும் எல்லோரும் அடுத்து கேட்பது, "வீட்ல எத்தனை பொண்ணு?" என் உடம்புக்கு என்ன என்று டாக்டர் கேட்பதற்கு முன்னால் என் வீட்டுக் கதையை நர்ஸ் கேட்டிருப்பார்.

கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகையில் பூர்ணிமா என்று அச்சடித்தார்கள். அச்சாகி வந்த பிறகுதான் எனக்கே தெரியும். என்ன நினைத்து அந்தப் பெயரைப் பிடித்தார்கள் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, அதனால் கொஞ்ச நாளில் எல்லோரும் பழைய பெயருக்கே வந்துவிட்டார்கள். ஆதாரிலும் போதும்பொண்ணுதான்.

டீச்சர், நீங்கள் மாற்றச் சொல்வது நல்ல காரியம், கட்டாயம் செய்யுங்கள். ஆனால் விண்ணப்பத்தில் புதுப் பெயரை எழுதுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் வயதில் எனக்கு மனசுக்குள் ஒரு பெயர் இருந்தது. யாரும் கேட்காததால் நானும் சொல்லவில்லை. கையெழுத்து அப்பா போடட்டும், பெயரை அவள் சொல்லட்டும்.

ஆசிரியை, திருத்தணி பக்கம்:

சரிங்க அக்கா. பெற்றோரிடம்தான் இதுவரை பேசிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறேன்.