நாலு எழுத்தை வைத்து ஆளை அளந்த கதைகள்

தங்கச்சிமடத்திலிருந்து ஒருவர்:

எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கடைசி வருடப் பிள்ளைகளுக்கு ஆளுமை வகைப் பயிற்சி நடந்தது. கேள்விகளுக்குப் பதில் எழுதினால் நாலு எழுத்தில் ஆளைப் பதினாறு வகையில் ஒன்றாகச் சொல்கிற மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வை வைத்து நடத்துவது. நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர் திரையில் பதினாறு கட்டம் போட்டு, மீனவர், கொத்தனார், டிரைவர் எல்லாம் சென்சிங், விஞ்ஞானி, எழுத்தாளர் எல்லாம் இன்டியூஷன் என்று அடுக்கிக்கொண்டே போனார். கேட்டுக்கொண்டிருந்ததில் பாதிப் பேர் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். ஒரு பையன் எழுந்தான்.

“சார், எங்கப்பா விடியக்காலம் கரையில நின்னு பார்த்துட்டு, இன்னிக்கு வேண்டாம்னு திரும்பி வந்துருவாரு. சாயங்காலம் பார்த்தா காத்து பிச்சுக்கிட்டு அடிக்கும். அது இன்டியூஷன்தானே?”

“அப்படியா, அப்போ உங்கப்பா ஐஎன்எஃப்ஜே!” என்று ஒரே நொடியில் கட்டம் மாற்றிவிட்டார். அதில் இரண்டாவதாக வருகிற N இன்டியூஷனுக்கான எழுத்து. பையனுக்குச் சந்தோஷம்தான். ஆனால் முதலில் சொன்னதும் தப்பு, மாற்றிச் சொன்னதும் தப்பு.

கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் தென்கடல் முரண்டு பிடிக்கும், வாடைக்காலத்தில் வடகடல். இது எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்குமேல் மேகத்தின் அடிப்பக்கம், தண்ணீரின் கலங்கல், அலை வந்து அடிக்கிற இடைவெளி என்று அந்த அப்பா பார்ப்பது வருடக்கணக்கில் சேர்ந்த தொழில் அறிவு. இந்த வகைகளுக்கு அடிப்படை போட்ட உளவியலாளர் கார்ல் யுங் 1921-ல் வெளியிட்ட உளவியல் வகைகள் நூலில் பேசியது திறமையைப் பற்றி அல்ல, மனம் வழக்கமாக எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பற்றி. சென்சிங் கண்முன் இருப்பதில் நிற்கும். இன்டியூஷன் அதிலிருந்து என்னவெல்லாம் வரலாம் என்று தாவும். ஒரே படகில் ஒருவர் வலை எந்த இடத்தில் கிழிந்திருக்கிறது, இன்றைக்கு எத்தனை கூடை என்று பேசுவார். இன்னொருவர் அதே வலையைப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் நண்டு வலைக்கு மாற வேண்டியிருக்கும், தம்பியைப் படிக்க அனுப்பிவிடலாம் என்று எங்கோ போய்விடுவார். வானம் பார்ப்பதில் இரண்டு பேரும் கில்லாடிகளாக இருக்கலாம்.

அடுத்தது ஃபீலிங். அழுகிறவர், கோபப்படுகிறவர், மனசு இளகினவர் எல்லாம் ஃபீலிங் என்று அன்றைக்கு ஒரு ஸ்லைடு. சென்சிங், இன்டியூஷன், திங்கிங், ஃபீலிங் என்ற நாலையும் மனதின் செயல்பாடுகள் என்பார் யுங். அதில் திங்கிங், ஃபீலிங் இரண்டையுமே பகுத்தறியும் செயல்பாடுகள் என்று ஒரே பக்கத்தில்தான் வைத்தார். இது சரியா தப்பா, ஒத்துவருமா வராதா என்று திங்கிங் பார்க்கும். இதற்கு என்ன மதிப்பு, இது எனக்கு முக்கியமா என்று ஃபீலிங் எடை போடும். உணர்ச்சி எல்லோருக்கும் வரும், திங்கிங் ஆளுக்கும் கண் கலங்கும்.

எங்கள் தெருவில் ஒரு நாட்டுப்படகுச் சம்மாட்டி (படகு முதலாளி) இருக்கிறார். முகத்தில் ஒன்றும் தெரியாது, துஷ்டி வீட்டிலும் அதே முகம்தான். அவர் படகு ஆள் ஒருவருக்குக் காலில் அடிபட்டுப் படுத்திருந்த சமயம். கணக்கு பார்க்கிற அன்று டீசல், ஐஸ் செலவெல்லாம் கழித்துவிட்டு, படுத்திருந்தவர் பங்கை எண்ணி ரப்பர் பேண்ட் போட்டுத் தனியே வைத்தார். மற்றவர்களுக்கு அதற்கப்புறம்தான். “வராத ஆளுக்கு எதுக்குப் பங்கு?” என்றார் ஒருவர். “வந்தப்ப வந்தான்ல” என்று சொல்லிவிட்டு நோட்டில் எழுதப் போய்விட்டார். குரல்கூட மாறவில்லை. பயிற்சிக்கு வந்தவர் பார்த்திருந்தால் இவரை யோசிக்காமல் திங்கிங்கில் போட்டிருப்பார். நான் ஃபீலிங் என்று சொல்ல வரவில்லை. அடுத்த தடவை கடலுக்குப் போக ஆள் நிற்க வேண்டுமே என்று கணக்குப் போட்டும் ஒருவர் இதையே செய்யலாம். செய்ததை வைத்துத் தெரியாது, எப்படி அந்த முடிவுக்கு வந்தார் என்று கேட்டால்தான் ஏதாவது பிடிபடும். அவரிடம் போய் யார் கேட்பது, அது வேறு விஷயம்.

கீழக்கரையிலிருந்து:

எங்கள் குடும்பக் குழுவில் துபாயில் இருக்கிற காக்கா (அண்ணன்) இதே மாதிரி ஒரு இலவசத் தேர்வு லிங்க் போட்டார். லாத்தாவுக்கு (அக்காவுக்கு) ஐஎன்டிபி வந்தது. “பி-யா? உன் அஞ்சறைப்பெட்டிகூட வரிசையா இருக்கும், ஜே-ன்னு மாத்திக்க” என்று காக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டார். கடைசி எழுத்து ஜே (ஜட்ஜிங்) என்றால் சுத்தபத்தம், பி (பெர்சீவிங்) என்றால் சோம்பேறி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இந்த எழுத்து யுங்கிடம் இல்லை, கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் சேர்த்தது. வெளியுலகத்தோடு பழகும்போது தீர்மானிக்கிற செயல்பாடு (திங்கிங் அல்லது ஃபீலிங்) முன்னால் வருகிறதா, உள்வாங்குகிற செயல்பாடு (சென்சிங் அல்லது இன்டியூஷன்) வருகிறதா என்பதைத்தான் அது காட்டும். ஐ என்று தொடங்குகிற உள்முக ஆட்களுக்கு, அதாவது மனம் உள்ளே திரும்பியவர்களுக்கு, முதன்மைச் செயல்பாடு உள்ளே இருப்பதால் கணக்கு தலைகீழாகிவிடும். பி என்று முடிகிற ஐஎன்டிபிக்கு முதன்மை, உள்முகத் திங்கிங். அதாவது தீர்மானிக்கிற வகை. துணைக்கு வெளிமுக இன்டியூஷன். ஐஎன்டிஜேக்கு முதன்மை உள்முக இன்டியூஷன், துணை வெளிமுகத் திங்கிங். மையர்ஸ் வழியில் வந்தவர்கள் இன்று போடுகிற வரிசையில் இந்த இரண்டு வகைக்கும் முதல் நாலு செயல்பாடுகளில் ஒன்றுகூடப் பொது கிடையாது. ஒரு எழுத்துதானே என்று காக்கா மாற்றியது மொத்த ஆளையும் மாற்றுகிற வேலை. லாத்தா அதைப் படித்துவிட்டு ஒரு தம்ஸ்அப் போட்டதோடு சரி.

தொண்டியிலிருந்து:

மேலே எழுதிய இரண்டு பேரும் கோட்பாட்டைச் சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் கோட்பாடே ஆட்டம் காண்கிறது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். மெக்ரே, கோஸ்டா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1989-ல் இந்தத் தேர்வின் மதிப்பெண்களை அலசினார்கள். இரண்டு தனித்தனிக் கூட்டமாக ஆட்கள் பிரிகிறார்கள் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பெரும்பாலோர் நடுவாந்திரத்தில்தான் நிற்பார்கள். கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு அடுத்த தடவை எழுதினால் வேறு எழுத்து வரும், அவ்வளவுதான். நான் உளவியல் படித்தவள், இதைப் பேச்சுக்கு நல்ல சாக்கு என்று மட்டும் வைத்திருக்கிறேன்.

சொல்ல வந்தது வேறு. சொந்தத்தில் ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பெங்களூரில் ஐடி. பயோடேட்டாவில் ராசி, நட்சத்திரத்துக்குக் கீழே இஎன்டிஜே என்று போட்டிருந்தான். பெண் ஐஎஸ்எஃப்பி. ஒருவருக்கு முதன்மையான செயல்பாடு மற்றவருக்குக் கடைசி, அதனால் ஒத்துவராது என்று அவனுடைய நண்பன் யாரோ போனில் விளக்கம் வேறு. பெரியம்மா தாளை வாங்கி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “இதுல எதுடி செவ்வாய்?” என்றார். பையனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த மாதம் இங்கே மண்டபத்தில் ரிசப்ஷன், பிரியாணிக்கு ஆள் பேசியாகிவிட்டது.